டின் எதற்குப் பளபளக்க வேண்டும்?

முலாம் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொட்டியிலிருந்து வந்த பொருளைக் கழுவிய கையோடு வெளிச்சத்துக்கு நேரே திருப்பிப் பார்ப்பார்கள். ட்யூப்லைட் அதில் கோடாகத் தெரிந்தால் திருப்தி. மங்கலாக இருந்தால், தொட்டியில் பளபளப்பு மருந்தை ஊற்றச் சொல்லி உடனே ஒரு குரல் வரும்: "தம்பி, பிரைட்னர் கொஞ்சம் விடுப்பா." தடிமன் அளக்கும் கருவியும் சால்டர் சோதனைக்கான சட்டியும் பக்கத்திலேயே இருக்கும், அவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்கு நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. வாங்குகிறவருக்கும் அதே நம்பிக்கைதான். டின் (வெள்ளீய) முலாம் விஷயத்தில் இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

நிக்கலும் குரோமியமும் பளபளக்க வேண்டும் என்பதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. குழாய், கைப்பிடி, வண்டி பம்பர் எல்லாம் பார்ப்பதற்கென்றே இருப்பவை. டின் முலாம் போய்ச் சேரும் இடம் வேறு: மின் இணைப்பு டெர்மினல், கனெக்டர் முள், பஸ்பார், மின்னணுப் பாகங்களின் கால்கள். பெட்டியை மூடிவிட்டால் அதற்குப் பிறகு அதன் முகத்தைப் பார்ப்பவர் பழுது பார்க்க வருகிறவர் ஒருவர்தான். அடியில் உள்ள செம்பு கறுக்கக்கூடாது, சால்டர் பிடிக்க வேண்டும், தொடுமுனையில் மின்தடை ஏறக்கூடாது. டின்னிடம் கேட்பது இவ்வளவுதான். ஆனாலும் வரைபடத்தின் மூலையில் 'பிரைட் டின்' என்று எழுதியிருக்கும். எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்டால் பதில் வராது.

சும்மா விட்டால் மணல்

அமில டின் தொட்டியில் அடிப்படையாக இருப்பவை மூன்றே பொருள்கள்: ஸ்டேனஸ் சல்பேட் என்ற டின் உப்பு, கந்தக அமிலம், தண்ணீர். லிட்டருக்கு 20, 30 கிராம் டின்; அதைப்போல ஐந்தாறு மடங்கு அமிலம். வேறு எதுவும் சேர்க்காமல் இதில் கரண்ட் கொடுத்துப் பார்த்தால்தான் சேர்மானங்கள் எதற்கு என்பது உறைக்கும். சில நிமிடங்களில் தகட்டின் மேல் சாம்பல் நிற மணல் படியும். ஓரங்களில் ஊசி ஊசியாக முளைத்து, கிளைவிட்டு, எதிரே நேர்மின்முனையாக நிற்கும் ஆனோடை நோக்கி நீளும். விரலால் தடவினால் பாதி கையோடு வந்துவிடும். டின் அயனி எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகமாக மாறுவதில் எந்தத் தயக்கமும் காட்டாது, அதுதான் காரணம். தடையே இல்லாத இடத்தில் புதிய படிகங்கள் பிறப்பது குறைவு. ஏற்கெனவே இருக்கும் சில படிகங்களே தின்று கொழுக்கும். ஒரு முனை நீண்டதும் கரண்ட் அங்கே குவியும், குவிந்ததும் அது இன்னும் நீளும்.

கார ஸ்டேனேட் தொட்டியில் இந்தத் தொல்லை இல்லை. சேர்மானம் எதுவும் இல்லாமலே ஒழுங்கான மேட் டின், அதாவது பளபளப்பில்லாத டின், வரும். ஆனால் 70 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைத்திருக்க வேண்டும். ஆனோடின் மேல் மஞ்சள்பச்சைப் படலம் நிற்கிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது கலைந்தால் படிவு பஞ்சாகிவிடும். போதாததற்கு அங்கே ஒவ்வொரு டின் அயனிக்கும் நான்கு எலக்ட்ரான் செலவு. ஒரு ஆம்பியர் ஹவருக்கு அமிலத் தொட்டி 2.2 கிராம் டின் தந்தால் ஸ்டேனேட் 1.1 தான் தரும். அதனால் வேகமும் சிக்கனமும் வேண்டியவர்கள் எல்லோரும் அமிலத்துக்கு வந்தார்கள், அமிலத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சேர்மானத்துக்கு வந்தார்கள். எனவே சேர்மானம் வேண்டுமா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை. மணலை மட்டப்படுத்தும் அளவோடு நிற்கலாமா, கண்ணாடி வரை போக வேண்டுமா என்பதுதான்.

ஆரம்பத்தில் போட்டவை எளிய சரக்குகள். வஜ்ஜிரப் பசை, ஜெலட்டின், அதோடு பீட்டா நாஃப்தால், கிரிசோல் சல்ஃபோனிக் அமிலம். இவை படிகங்களைப் பொடிசாக்கி, மழமழப்பான, வெள்ளைச் சாம்பல் நிற டின்னைத் தந்தன. முகம் தெரியாது, ஆனால் உறுதியான படிவு. கண்ணாடி போல் வர வைத்த முதல் சரக்குகளில் ஒன்று மரத்தார். மரத்தைக் காற்றில்லாமல் எரித்து வடிக்கும் அந்தக் கறுப்புக் குழம்பின் ஒரு பகுதியைச் சோப்புத்தன்மையுள்ள பொருளோடு கலந்து தொட்டியில் விட்டார்கள். தார் என்பது நூற்றுக்கணக்கான பொருள்களின் கூட்டம். ஒரு பீப்பாய் போல இன்னொரு பீப்பாய் இருக்காது. வேலை செய்தது அதிலிருந்த எது என்று தேடப்போனதில்தான் ஆல்டிஹைடுகளும் கீட்டோன்களும் தனித்தனியாகத் தொட்டிக்கு வந்து சேர்ந்தன என்று வைத்துக்கொள்ளலாம்.

மறிப்பதே வேலை

இன்றைக்கு கேனில் வரும் பிரைட்னரின் பின்னால் பெரும்பாலும் ஒரே குடும்பம்தான் இருக்கிறது. பென்சிலிடீன் அசிட்டோன், சின்னமால்டிஹைடு, குளோரோபென்சால்டிஹைடு, நாஃப்தால்டிஹைடு மாதிரியானவை. எனக்குப் பழக்கமானது முதலாவது. வெளிர்மஞ்சள் படிகம், 40 டிகிரியை ஒட்டி உருகிவிடும், மூடியைத் திறந்தால் இனிப்பு கலந்த வாசனை அறை முழுக்கப் பரவும். தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். மெத்தனாலில் கரைத்து நேரடியாகத் தொட்டியில் விட்டால் எண்ணெய்த் துளிகளாகப் பிரிந்து மேலே மிதக்கும். அதைத் தண்ணீருக்குள் பிடித்து வைப்பதற்கென்றே கேரியர் என்ற இன்னொரு சேர்மானம் வேண்டும்: எத்தாக்சிலேற்றம் செய்த நோனைல் ஃபீனால், பீட்டா நாஃப்தால் எத்தாக்சிலேட் போன்ற மின்னூட்டமில்லாத, சோப்பு மாதிரியான சர்ஃபாக்டன்ட்கள்.

கேரியரை மட்டும் போட்டு ஒரு தகடு எடுத்தால் சீரான மேட். பிரைட்னரை மட்டும் போட்டால் கோடும் திட்டும். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி. கூடவே கொஞ்சம் மெத்தாக்ரிலிக் அமிலமோ ஃபார்மால்டிஹைடோ சேர்ந்தால் கரண்ட் குறைவாகப் போகும் குழிகளுக்குள்ளும் பளபளப்பு எட்டும். நான்காவதாக ஹைட்ரோகுவினோன் அல்லது கேட்டகால். இதற்கும் பளபளப்புக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஸ்டேனஸ் அயனி காற்றுப்பட்டு ஸ்டேனிக்காக மாறாமல் காப்பது இதன் பொறுப்பு. மாறிவிட்டால் அது கரையாத ஸ்டேனிக் அமிலமாகப் பால் போலக் கலங்கி நிற்கும், வடிகட்டியில்கூட சுலபமாக மாட்டாது. அமில டின் தொட்டியில் காற்றடித்துக் கலக்கக்கூடாது என்பது இதனால்தான்.

இவையெல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று யோசித்தால் விசித்திரமாக இருக்கும். இந்த மூலக்கூறுகள் எதையும் கட்டுவதில்லை. தகட்டின் மேல் எங்கே அணுக்கள் சுலபமாகப் போய் ஒட்டுமோ, அந்தப் படிகளிலும் முனைகளிலும் போய் உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் வழிமறித்து அமர்ந்த பெரியவரைப் போல, வருகிறவர்களை வேறு பக்கம் போகச் சொல்கின்றன. முனைக்குப் போக வேண்டிய டின் பள்ளத்துக்குப் போகிறது. பழைய படிகம் வளர முடியாமல் புதிய படிகம் பிறக்கிறது. படிகம் பொடிசாகப் பொடிசாக, மேடு பள்ளம் ஒளியின் அலைநீளத்துக்கும் கீழே போய்விட, ஒளி சிதறாமல் திரும்புகிறது. கண்ணுக்கு அது கண்ணாடி. ஆனால் வழிமறித்தவை எல்லாம் பிறகு எழுந்து போய்விடுவதில்லை. ஒரு பகுதி, கேத்தோடாக (எதிர்மின்முனையாக) நிற்கும் அந்தத் தகட்டிலேயே சிதைந்துபோகும். இன்னொரு பகுதி டின் படிவுக்குள் மாட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

எவ்வளவு மாட்டும்? மேட் டின்னில் எடைக்கணக்கில் 0.005 முதல் 0.05 சதவீதம் வரை கார்பன் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. பிரைட் டின்னில் 0.2 முதல் 1 சதவீதம். படிக அளவு மேட்டில் 1 முதல் 5 மைக்ரான். பிரைட்டில் அரை மைக்ரானுக்குச் சற்று மேலே. கார்பன் அரை சதவீதம் என்றால் அற்பம் போலத் தோன்றும். டின்னின் அடர்த்தி 7.3, இந்தக் கரிமப் பொருள்களின் அடர்த்தி ஏறக்குறைய 1. அடர்த்தியை வைத்துக் கனஅளவாக மாற்றிப் பார்த்தால் மூன்று நான்கு சதவீதம் வந்து நிற்கும். டின் என்று நாம் விற்பதில் இத்தனை பங்கு டின் இல்லை.

அளக்க முடியாததை ஊற்றுவது

தொட்டியில் டின் எவ்வளவு இருக்கிறது என்று அயோடினும் ஸ்டார்ச்சும் வைத்து சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். அமிலத்தை டைட்ரேஷனில் பிடித்துவிடலாம். பிரைட்னருக்கு அப்படிச் சுலபமான வழி கிடையாது. பெரிய ஆலைகளில் வோல்டாமெட்ரி, புறஊதா அளவீடு எல்லாம் உண்டு. மற்ற இடங்களில் ஆம்பியர் ஹவர் மீட்டரும் அனுபவமும்தான். இத்தனை ஆம்பியர் ஹவருக்கு இத்தனை மில்லி என்று கேனில் எழுதியிருப்பது கரண்ட் ஓடும்போது ஆகும் செலவுக்கு மட்டும் கணக்கு. சும்மா கிடக்கும் தொட்டியிலும் பென்சிலிடீன் அசிட்டோன் தன்னோடு தானே சேர்ந்து பிசினாக மாறிக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் இன்னும் வேகமாக. தெளிவாக இருந்த தொட்டி மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் மேலே எண்ணெய்ப் படலம் கட்டும். கணக்கில் இது வராது.

மிச்சம் இருப்பது ஹல் செல். 267 மில்லி பிடிக்கும், ஒரு பக்கம் சாய்ந்த சிறு தொட்டி. தகடு சாய்வாக நிற்பதால் ஒரு முனையில் கரண்ட் நெருக்கமாகவும் மறுமுனையில் மிக மெல்லிசாகவும் ஓடும். ஒரே தகட்டில் எல்லாக் கரண்ட் அடர்த்தியிலும் தொட்டி எப்படி நடந்துகொள்கிறது என்று படித்துவிடலாம். அந்த 267 என்ற விநோத எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு: அதில் 2 கிராம் சேர்த்தால் அது ஒரு அமெரிக்க கேலனுக்கு ஒரு அவுன்ஸ் சேர்த்ததற்குச் சமம். கேலனை விட்டு லிட்டருக்கு வந்த பிறகும் செல்லின் அளவு மாறவில்லை. எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

ஹல் செல் தகட்டைப் படிக்கத் தெரிந்தவர் மங்கலுக்கு எத்தனை காரணம் உண்டு என்று சொல்லுவார். தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், அமிலம் குறைந்திருக்கலாம், ஸ்டேனிக் கலங்கலாக இருக்கலாம், முந்தைய தொட்டியிலிருந்து செம்பு வந்திருக்கலாம், கழுவும் தண்ணீரிலிருந்து குளோரைடு வந்திருக்கலாம். பட்டறையில் இவை அத்தனைக்கும் ஒரே மருந்து: பிரைட்னர் கொஞ்சம் விடு. விட்டவுடன் பளபளப்பு கொஞ்சம் திரும்பவும் செய்யும், அதுதான் வினை. உண்மையான நோய் உள்ளே இருக்க, மேலே முகம் தெளிந்துவிடும். அளவு மீறியதும் கரண்ட் குறைவான இடங்களில் முலாமே ஏறாமல் செம்பு தெரியும். மடக்கினால் படிவு வெடிக்கும். அப்புறம் கரித்தூள் போட்டு வடிகட்டும் கார்பன் ட்ரீட்மென்ட், இரண்டு நாள் தொட்டி நிறுத்தம், எல்லாச் சேர்மானத்தையும் புதிதாகப் போடும் செலவு.

சூடான தட்டின் மேல்

என் கருத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது ஒரு சின்ன சோதனையில். சால்டர் சரியாகப் பரவவில்லை என்று ஒரு புகார் வந்திருந்தது. பாகங்கள் அத்தனையும் கண்ணாடி மாதிரி பளபளத்தன; பார்வைச் சோதனையில் ஒன்றுகூடக் கழிபடவில்லை. காரணம் தேட, ஒரே செம்புத் தகட்டிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை பிரைட் தொட்டியிலும் மற்றொன்றை கேரியரும் படிகம் பொடிசாக்கும் சேர்மானமும் மட்டும் உள்ள மேட் தொட்டியிலும் போட்டோம். இரண்டிலும் ஏறக்குறைய 10 மைக்ரான். டெசிமீட்டர் சதுரத்துக்கு 2 ஆம்பியரில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரான் ஏறும் என்பதால் பத்து நிமிட வேலை. இரண்டின் மேலும், பரப்பைச் சுத்தமாக்கும் ரோசின் ஃப்ளக்ஸ் தடவி, 250 டிகிரிக்கு வைத்த சூட்டுத் தட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

டின் உருகுவது 232 டிகிரியில். மேட் தகட்டில் முதலில் ஒரு மூலை மட்டும் ஈரமானது போல் மாறியது. அந்த ஈரம் அலையாக நகர்ந்து, சாம்பல் நிறத்தைத் துடைத்துக்கொண்டே மறுமூலை வரை போனது. போன இடமெல்லாம் கண்ணாடி. மேலே இருந்த விளக்கின் இழை அதில் தெளிவாகத் தெரிந்தது. பிரைட் தகடு அதற்கு நேர் எதிராக நடந்துகொண்டது. முதலில் ஒரு மஞ்சள் மங்கல் படர்ந்தது. அப்புறம் ஊசிமுனை அளவுக் கொப்புளங்கள், ஒவ்வொன்றாக வெடித்தன. உருகிய டின் பரவி நிற்காமல் தீவு தீவாகக் கூடி மேடுகட்ட, இடையிடையே மெல்லிய சாம்பல் தோல் மட்டும் மிஞ்சியது. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தான். இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், சீட்டு மாத்தி வச்சிட்டீங்களா? பிரைட்டுன்னு எழுதினதுதானே மங்கலா இருக்கு?"

மாற்றி வைக்கவில்லை. கொப்புளமாக வெளியே வந்தது, நாங்கள் அளந்து அளந்து உள்ளே ஊற்றியதுதான். பென்சிலிடீன் அசிட்டோனும் அதன் சிதைவுகளும் கேரியரின் துண்டுகளும் சூட்டில் ஆவியாகி வழி தேடின. பளபளப்பைத் தந்த அதே பொருள் சால்டர் பிடிக்கும் நேரத்தில் குறுக்கே நின்றது. சேர்மானம் அளவாக இருக்கும் புதிய தொட்டியில் இவ்வளவு மோசமாக நடக்காது என்பதையும் சொல்லவேண்டும். அந்தப் புகாரில் பிரைட்னர் அதிகப்பட்டிருந்தது. ஆனால் அதிகப்பட்டதை எந்தக் கண்ணும் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணுக்கு அது மற்றதைவிட அழகாகத்தான் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், டின் தகடு செய்யும் ஆலைகள் இதை எப்போதோ பிடித்துவிட்டன. 1930களில் ஜெர்மனியிலும் பிறகு அமெரிக்காவிலும் மின்முலாம் முறையில் டப்பாத் தகடு செய்யத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் மலாயா ஜப்பான் கைக்குப் போய் டின் தட்டுப்பாடு வந்ததும், உருகிய டின்னில் முக்கும் பழைய முறையைவிடக் குறைவாக டின் செலவழியும் இந்த முறை வேகமாகப் பரவியது. ஃபீனால் சல்ஃபோனிக் அமிலத் தொட்டி. சேர்மானம் எத்தாக்சிலேற்றம் செய்த நாஃப்தால் சல்ஃபோனிக் அமிலம். பிரைட்னர் என்று எதுவும் இல்லை. தகடு தொட்டியிலிருந்து மங்கலாகத்தான் வெளியே வரும். உடனே மின்சாரத்தால் சூடேற்றி, 232 டிகிரியைத் தாண்டவைத்து, ஒரு நொடி உருகவிட்டுத் தண்ணீரில் குளிர்விப்பார்கள். டப்பாவில் நாம் பார்க்கும் பளபளப்பு அந்த உருக்கத்தின் பளபளப்பு. அதன் அடியில் மாட்டிக்கொண்ட கரிமம் மிகக் குறைவு. எல்லாப் பாகத்துக்கும் இது ஒத்துவராது. தடித்த படிவை உருக்கினால் ஓரங்களிலிருந்து வழிந்து குழியில் தேங்கும், பிளாஸ்டிக் கூடு மாட்டிய கனெக்டரை உருக்கவே முடியாது.

ஊசிகள்

சால்டர் போகட்டும், விஸ்கர் என்ற இன்னொரு தலைவலி இருக்கிறது. டின் படிவின் மேலிருந்து, அறை வெப்பத்தில், யாரும் தொடாமல், ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனுள்ள ஊசிகள் முளைக்கும். சில மில்லிமீட்டர்வரை நீளும். பக்கத்து முள்ளைத் தொட்டால் குறுக்குச்சுற்று. பெல் ஆய்வகத்தினர் 1951-ல் டின்னில் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். கொஞ்சம் ஈயம் சேர்த்தால் அடங்குகிறது என்பது அந்தப் பத்தாண்டிலேயே தெரிந்தது. உலகம் அதை மறந்துவிட்டு நிம்மதியாக இருந்தது. 1998 மே மாதம் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் கட்டுப்பாட்டை இழந்து, அமெரிக்காவின் பேஜர்களில் பெரும்பாலானவை ஒரே நாளில் ஊமையானபோது அதற்கு டின் விஸ்கரைத்தான் காரணமாகச் சொன்னார்கள். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதும் சுத்தமான டின் எல்லா இடத்துக்கும் திரும்ப வந்தது, விஸ்கர் பயமும் கூடவே வந்தது.

விஸ்கரைத் தள்ளுவது படிவுக்குள் இருக்கும் அழுத்தம். செம்பும் டின்னும் சேர்ந்து உருவாகும் கலப்பு, படிக எல்லைகளுக்குள் புகுந்து நெருக்குவது ஒரு காரணம். பிரைட் டின்னில் அதோடு சேர்மானத்தால் பிறவியிலேயே வந்த அழுத்தமும், பொடிப் படிகங்களின் எண்ணற்ற எல்லைகளும் சேர்ந்துகொள்கின்றன. மின்னணுத் துறை மேட் டின் பக்கம் போனதற்கு இது முக்கியக் காரணம். மேட்டில் விஸ்கரே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வரும், குறைவாக வரும். அடியில் நிக்கல் கொடுப்பதும், முலாம் பூசிய ஒரு நாளுக்குள் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடவைப்பதும் அதனால்தான் வழக்கத்துக்கு வந்தன.

இவ்வளவு சொன்ன பிறகு பிரைட் டின்னை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. சால்டரே பார்க்காத செருகு டெர்மினல்கள் இருக்கின்றன. அங்கே பிரைட் டின்னின் கடினம் உதவுகிறது, உராய்வும் தேய்மானமும் குறைகின்றன. கைரேகை படிவதில்லை. எடுத்து வைக்கும்போது கீறல் விழுவது குறைவு. பளபளப்பு அங்கே வேலை செய்கிறது, அதற்குரிய இடம் அது. எனக்கு ஆகாதது, பளபளப்பைத் தரத்தின் சான்றிதழாக எடுத்துக்கொள்வது. ஒரு மங்கல் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இது மட்டம்" என்று சொல்பவரிடம், "மட்டம் என்று எதை அளந்து சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் அவர் மறுபடியும் வெளிச்சத்துக்கு நேரே திருப்பிக் காட்டுவார்.

சேர்மானங்களின் மேல் சட்டமும் கை வைத்துக்கொண்டிருக்கிறது. கேரியர்களில் பெரும்புள்ளியாக இருந்த நோனைல் ஃபீனால் எத்தாக்சிலேட்டைத் தனி அனுமதி இல்லாமல் 2021 ஜனவரி 4-க்குப் பிறகு ஐரோப்பாவில் பயன்படுத்த முடியாது. நீரில் அது சிதைந்து மீன்களின் ஹார்மோனைக் கெடுக்கிறது. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிறது. சப்ளையர்கள் வேறு சர்ஃபாக்டன்ட்களுக்கு மாறி, அதே பெயரில் அதே நிறக் கேனில் அனுப்புகிறார்கள். 'பகுதி ஒன்று', 'பகுதி இரண்டு' என்பதற்கு மேல் லேபிளில் எதுவும் இருக்காது. புதிய கேரியரின் மேகமூட்ட வெப்பநிலை, அதாவது அது கரைசலிலிருந்து பிரிந்து கலங்கும் சூடு, பழையதைவிடக் கீழே இருந்தால், வெயில் நாளில் தொட்டியைக் குளிர்விக்கும் சில்லர் நின்ற அரைமணியில் தொட்டி கலங்கிவிடும், காரணம் புரியாமல் எல்லோரும் ஸ்டேனிக் என்று நினைத்து வடிகட்டிக்கொண்டிருப்பார்கள். பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்கி, சர்ஃபாக்டன்ட் எந்த வகை என்றாவது பார்த்து வைப்பது நல்லது.

இப்போது புது வேலை வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் சால்டர் வைப்பீர்களா, செருகுவீர்களா? சால்டர் என்றால் மேட் தொட்டி, செருகு என்றால் பிரைட். வரைபடத்தில் 'பிரைட்' என்று எழுதியிருந்தால், அதை நீக்கச் சொல்லி எழுதிக் கேட்கிறேன். பாதிப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டவர்களிடமிருந்து வரும் புகார், மேட் டின்னில் விரல் அடையாளம் படிகிறது என்பது. அதற்குக் கையுறை போட்டுக்கொண்டு பேக்கிங் செய்தால் போதும்.